நான்காவது சீட்டின் நூற்றுப் பன்னிரண்டு பிழைகள்

8 மார்ச் 1999, திங்கள்

ஆறரைக்கு வீட்டில் இருப்பேன் என்று காலையில் சொல்லிவிட்டுப் போனேன். வந்து சேர்ந்தபோது எட்டேகால். அடுகோடியில் ஏறி, சிவாஜிநகரில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து ரிச்சர்ட்ஸ் டவுன். நாலு வருடமாகப் போய்வருகிற பாதை. எவ்வளவு நேரம் ஆகும் என்று இன்னும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஓஸ்வால்ட் கோபித்துக்கொள்கிற கணவர் இல்லை. ரயில்வே ஆபீஸிலிருந்து ஐந்து மணிக்கே வந்துவிடுகிற மனிதர். காயை நறுக்கி வைத்துவிட்டு பேப்பர் படிக்கிறார். நான் ஆறரை என்று சொல்லியிருந்தால் எட்டு மணிக்குத்தான் அரிசியைக் களைகிறார்.

"நீ ஆறரைன்னா எட்டு. ஏழுன்னா ஒம்பது. எனக்குப் பழகிடுச்சு ஜூடி" என்றார்.

கிண்டல்கூட இல்லை. தகவல் சொல்கிற மாதிரி சொன்னார். அதுதான் சுருக்கென்றது.

9 மார்ச்

எங்கள் கம்பெனிக்கு வருடக் கடைசிக்குள் ஒரு பெரிய தரச் சான்றிதழ் வாங்கியாக வேண்டுமாம். அதற்காக ஜனவரியில் ஒரு பேராசிரியரைக் கூட்டிவந்து எங்கள் டீமில் ஆறு பேருக்கும் பயிற்சி கொடுத்தார்கள். ஆளுக்கு இரண்டு தாள். ஒன்று டைம் லாக்: எந்த வேலையை எத்தனை மணிக்குத் தொடங்கினோம், எப்போது முடித்தோம், நடுவில் எது இடைஞ்சல் செய்தது என்று நிமிடக் கணக்கு. இன்னொன்று டிஃபெக்ட் லாக்: ப்ரோக்ராம் எழுதும்போது நாமே கண்டுபிடிக்கிற ஒவ்வொரு பிழையும், அதைத் திருத்த எத்தனை நிமிடம் ஆனது என்பதும். கொஞ்ச நாள் இப்படி எழுதினால் நம் பலவீனம் நமக்கே தெரியும், 'ரெண்டு நாளில் முடிப்பேன்' என்று வாய்க்கு வந்ததைச் சொல்ல மாட்டோம் என்றார் அவர்.

போகும்போது ஒன்றை அழுத்திச் சொன்னார். இந்தத் தாள் எழுதுகிறவருக்கு மட்டும்தான். மேலதிகாரி என்றைக்கு அதைப் பார்க்கிறாரோ அன்றைக்கே எல்லோரும் பொய் எழுத ஆரம்பிப்பார்கள்.

தாள்கள் இருக்கின்றனவா, நிரப்பியிருக்கிறார்களா என்று பார்த்து ஃபைலில் போட ஓர் ஆள் வேண்டியிருந்தது. யாரும் கை தூக்கவில்லை. நான் தலையை ஆட்டிவிட்டேன். "என்னைத் தாண்டி இது எங்கேயும் போகாது" என்று ஒவ்வொருவர் சீட்டுக்கும் போய் என் வாயால் சொன்னேன்.

12 மார்ச், வெள்ளி

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு எங்கள் வரிசையைப் பார்த்தால் பரீட்சை ஹால்தான். எல்லோரும் குனிந்து போன ஐந்து நாட்களை எழுதுகிறார்கள். திங்கட்கிழமை காலை பதினொன்றுக்கு என்ன செய்தோம் என்று யாருக்கு ஞாபகம் இருக்கிறது? 30, 45, 60, 90. எந்த எண்ணை எடுத்தாலும் கடைசியில் ஐந்து, இல்லாவிட்டால் பூஜ்யம். முதல் சீட் ரகு என் தாளை எட்டிப் பார்த்து எழுதினான். பக்கத்து சீட் என்பதால் வசதி. என் தாளில் இருப்பதும் கற்பனைதான் என்று அவனுக்குத் தெரியாது. பொறுப்பாளரே இரண்டாவது வாரத்தோடு நிறுத்திவிட்டு வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கதை எழுதுகிறார்!

உண்மையாக எழுதுகிறவள் ஒருத்திதான், நான்காவது சீட் அனுஷா. 17, 43, 8, 26. இடைஞ்சல் கட்டத்தில்: 'டீ 9. பஸ் பாஸ் பற்றி ரகு சார் 6. அப்பா போன் 11. அதற்குப் பிறகு சும்மா உட்கார்ந்தது 14.'

படித்ததும் தாளை மடித்து வைத்துவிட்டேன். அடுத்தவர் வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது.

அனுஷா கிருஷ்ணகிரிப் பக்கம். பாலிடெக்னிக்கில் தற்காலிக விரிவுரையாளராக இருந்ததை விட்டுவிட்டு அப்பாவின் பேச்சை மீறி இங்கே வந்தவள். ஆனேக்கல்லில் அவள் அக்கா வீட்டில் தங்கி, விடியும்போதே பஸ் பிடித்து வருகிறாள். ஒரு வருடம் புரொபேஷன். நிரந்தரம் ஆகாவிட்டால் ஜூனில் ஊருக்கு வந்துவிட வேண்டும், அப்பா பார்த்து வைத்திருக்கிற இடத்தில் கல்யாணம் — இதுதான் அவர்களுக்குள் ஒப்பந்தம். எழுதிய ப்ரோக்ராமை அச்செடுத்து, பென்சிலை வைத்துக்கொண்டு மூன்று தடவை படிக்கிறாள், பழைய உத்தியோகத்தில் விடைத்தாள் திருத்திய கை. பிழை கிடைத்தால் முகம் மலர்ந்துவிடும். "க்கா, இன்னொண்ணு புடிச்சிட்டேன்!" என்பாள்.

19 மார்ச், வெள்ளி

தப்பு பண்ணிட்டேனோ?

மூன்றரைக்கு சுந்தரராமன் வந்து என் மேஜையில் கையை ஊன்றி நின்றார். எங்கள் மேனேஜர். கெட்ட மனிதர் இல்லை. மேலே இருப்பவர்கள் கேட்டால் உடனே வியர்த்துவிடும், அவ்வளவுதான்.

"ஜூடித், ஹெட் ஆபீஸுக்கு ஒரு ஸ்லைடு போகணும். ஆளுக்கு எத்தனை பிழைன்னு. அஞ்சு மணிக்குள்ள குடுத்துடுங்கோ."

"சார், அந்தத் தாள் அவங்கவங்களுக்கு மட்டும்னு சொல்லியிருக்கோமே."

"பேரா கேக்கறேன்? ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போடுங்கோ. யாருக்குத் தெரியப்போறது?"

சரிதானே என்று பட்டது. இல்லை, பொய். ஐந்து இருபது பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று பட்டது. அசதி. ஃபைலில் தாள்கள் எந்த வரிசையில் இருந்தனவோ அதே வரிசையில் கூட்டி எழுதிக் கொடுத்துவிட்டேன். 9, 10, 14, 112, 11, 12. இரண்டாவது நான்.

அனுஷாவின் பிழைகள் அத்தனையும் அவளே பிடித்துத் திருத்தியவை. மற்றவர்களின் பிழைகள் இன்னும் உள்ளேயே இருக்கின்றன, சோதனைப் பிரிவுக்குப் போனால்தான் வெளியே வரும். இது எனக்குத் தெரியும். அதை ஒரு வரி எழுதிச் சேர்த்திருந்தால் இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

ஐந்து இருபது பஸ் கிடைத்தது.

22 மார்ச்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. தலைவலி.

29 மார்ச், திங்கள்

மாதாந்தரக் கூட்டம். ஸ்லைடை சுவரில் காட்டினார்கள். ஆறு தூண்கள். ஐந்து தூண்கள் தரையோடு தரையாக, நடுவில் ஒன்று மட்டும் கூரையைத் தொடுகிறது. அதன் கீழே 4.

யாரோ சிரித்தார்கள். ரகு விரலால் எங்கள் வரிசையை எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. எண்ணி முடித்து அனுஷாவைப் பார்த்தான். பிறகு எல்லோரும் பார்த்தார்கள்.

நான் ஃபைலில் சீட் வரிசைப்படிதான் வைக்கிறேன். வெள்ளிக்கிழமை முதல் சீட்டிலிருந்து ஆரம்பித்து வாங்கிக்கொண்டே போவேன், அப்படியே அடுக்குவேன். பெயரை எடுத்துவிட்டேன், ஆளை எடுக்கவில்லை. பன்னிரண்டு வருடம் ப்ரோக்ராம் எழுதிய அறிவு!

அனுஷா நோட்டில் ஏதோ எழுதுகிற மாதிரி குனிந்துகொண்டாள். என் பத்து, பொய்ப் பத்து, அவளுக்கு இரண்டு தூண் தள்ளி சமத்தாக நின்றுகொண்டிருந்தது.

30 மார்ச்

சுந்தரராமன் அறைக்குக் கூப்பிட்டார். ஜூன் 11 வெள்ளிக்கிழமை கன்ஃபர்மேஷன் கமிட்டி கூடுகிறதாம், அனுஷாவை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று அன்றைக்கு முடிவாகும். "நூத்துப் பன்னெண்டுன்னா கஷ்டம்தான் இல்லையா? நல்ல பொண்ணு. ஆனா கவனக்குறைவு ஜாஸ்தி போலருக்கே."

கவனக்குறைவா! விளக்கினேன். அவளே பிடித்த பிழைகள் அவை, மற்றவர்கள் எழுதவே இல்லை என்றேன்.

"அப்போ மத்தவா பொய் எழுதறான்னு சொல்றேளா? நீங்க உட்பட?"

ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

"சோதனை ரிசல்ட் வரட்டும், பார்க்கலாம்" என்றார்.

2 ஏப்ரல், பெரிய வெள்ளி

மூன்று மணி ஆராதனை. முழங்கால் வலிக்கிற வரைக்கும் மண்டியிட்டிருந்தேன். யாரிடம் சொல்ல வேண்டியதை யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்?

5 ஏப்ரல், திங்கள்

சொல்லிவிட்டேன். சாப்பாட்டு நேரத்தில் மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனேன். வெயில் காய்ந்தது. தண்ணீர்த் தொட்டி நிழலில் இரண்டு பேரும் நின்றோம்.

"அனுஷா, அந்த நம்பரைக் குடுத்தது நான்தான்."

"தெரியும்க்கா. ஃபைலு உங்ககிட்டதான இருக்கு."

"மன்னிச்சுடு. யாருக்கும் போகாதுன்னு சொல்லிட்டு நானே…"

"பரவால்லக்கா."

கீழே ஒசூர் ரோடு லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அப்புறம் ரொம்பச் சாதாரணமாகக் கேட்டாள்.

"க்கா, நானும் வெள்ளிக்கிழமை எழுதியிருந்தா இது வந்திருக்காதுல்ல?"

"இல்ல, அப்படி இல்ல" என்று ஆரம்பித்தேன். முடிக்க முடியவில்லை. வந்திருக்காது. அதுதான் உண்மை.

"அப்பாகிட்ட இன்னும் சொல்லலைங்க்கா. ஜூன் வரைக்கும் சொல்ல மாட்டேன்" என்றாள். டப்பாவை மூடிக்கொண்டு முதலில் இறங்கிப் போனாள். தயிர்சாதம் பாதி அப்படியே இருந்தது.

6 ஏப்ரல்

ஓஸ்வால்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நீ உன் தாளை நெஜமா எழுதிப் பாரு மொதல்ல" என்றார். இதை ஒரு ரயில்வே குமாஸ்தா எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

12 ஏப்ரல், திங்கள்

இன்றிலிருந்து உண்மை. மேஜையில் ஓஸ்வால்டின் பழைய கைக்கடிகாரம்.

முதல் நாளே எரிச்சல். ஒரு வேலையைத் தொடங்கி ஒன்பது நிமிடம் ஆவதற்குள் போன். திரும்பி வந்தால் எங்கே விட்டேன் என்று தேடுவதற்கு ஏழு நிமிடம். மதியத்துக்குள் நாற்பத்தாறு தடவை கடிகாரத்தைப் பார்த்திருப்பேன். பிழைகளை எழுத ஆரம்பித்தால் வேலையே ஓடவில்லை. இதை அவள் பிப்ரவரியிலிருந்து தினமும் செய்கிறாள். அதுவும் முகத்தைச் சுளிக்காமல்.

16 ஏப்ரல், வெள்ளி

இந்த வாரம் மட்டும் 27 பிழைகள். இருபத்தேழு!

ஒரு விஷயம் தெரிந்தது. ஒரு பிழையைத் திருத்துகிற அவசரத்தில்தான் இன்னொன்றைப் புதிதாகச் செய்கிறேன். அதுவும் பெரும்பாலும் நாலு மணிக்கு மேல், பஸ்ஸை நினைத்துக்கொண்டு.

7 மே, வெள்ளி

நாலு வாரக் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன்.

ஆபீஸில் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்தால் உண்மையில் வேலை செய்வது மூன்றே முக்கால் மணி நேரம். பதினோரு வேலைகளுக்கு நான் சொன்னது மொத்தம் 31 மணி நேரம், ஆனது 72. அதாவது நான் எதைச் சொன்னாலும் இரண்டேகால் மடங்குக்குக் கொஞ்சம் மேலே. பிழைகள் 97. அனுஷாவுக்கு நூற்றுப் பன்னிரண்டு சேர ஏழு வாரம் ஆயிற்று. எனக்கு நாலு வாரத்திலேயே இத்தனை.

பன்னிரண்டு வருட அனுபவம்! அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. ஒரு மாதிரி நிம்மதியாகத்தான் இருந்தது. டாக்டர் கடைசியில் வியாதியின் பெயரைச் சொன்ன மாதிரி.

13 மே, வியாழன்

தாள்களை எடுத்துக்கொண்டு சுந்தரராமனிடம் போனேன். "இதுதான் சார் என் உண்மையான தாள். ஸ்லைடில் இருந்த பத்து பொய். அனுஷா கவனக்குறைவுன்னா நான் அவளை விட மோசம்."

நிதானமாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன், பரிதாபப்பட்டார்.

"நீங்க சீனியர், ஜூடித். உங்க வேலை என்னன்னு எனக்குத் தெரியும். அந்தப் பொண்ணை எனக்குத் தெரியாது, அவ நம்பர்தான் தெரியும். கமிட்டியில நாலு பேர் கேப்பா. சோதனை ரிசல்ட் கொண்டாங்கோ, நானே பேசறேன்."

நியாயம்தான். பொய் எழுதியவளுக்கு நம்பிக்கை, உண்மை எழுதியவளுக்கு எண்.

14 மே, வெள்ளி

சோதனைப் பிரிவு கோவிந்தப்பா, கன்னடம் கலந்து பேசுகிறவர், எங்கள் ஆறு மாட்யூல்களையும் மே 3இலிருந்து பார்க்கிறார். ஆளுக்கு ஒரு மாட்யூல், ப்ரோக்ராமில் அவரவர் எழுதிய பகுதி. எந்த வரிசை? வேறென்ன, சீட் வரிசைதான்! ஒன்றுக்கு ஒரு வாரம், நான்காவது மே 28க்கு முடியும் என்று முன்பே சொல்லியிருந்தார். நானும் அதை நம்பி உட்கார்ந்திருந்தேன்.

இன்றைக்குப் புதுப் புத்தியோடு கணக்குப் போட்டேன். முதல் மாட்யூல், ரகுவுடையது, இரண்டு வாரம் எடுத்து இன்றைக்குத்தான் முடிந்திருக்கிறது. இதே வேகத்தில் போனால் நான்காவது ஜூன் 25. கமிட்டி ஜூன் 11.

என் வாழ்க்கையில் முதல்முறையாகச் சரியாக நேரம் கணித்திருக்கிறேன். கணித்தது, என் தவறைத் திருத்த எனக்கு நேரமில்லை என்பதை.

17 மே, திங்கள்

காலையிலேயே கோவிந்தப்பாவைப் பிடித்தேன். இரண்டாவதாக என்னுடையதை எடுக்கப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னதை அப்புறம் பாருங்க சார். நாலாவதை இப்ப எடுத்துக்குங்க. என் இடத்தை அதுக்குக் குடுத்துடுங்க."

"ஏனு மேடம், தமாஷா? உங்க மாட்யூல் லேட் ஆனா லீட் லிஸ்ட்ல உங்க பேர் இருக்காது. கண்டிதா இருக்காது."

தெரியும். அடுத்த ப்ராஜெக்டுக்குத் தலைமை தாங்கும் லீட் யார் என்று ஜூன் முதல் வாரத்தில் முடிவு செய்கிறார்கள். சோதனை முடியாத மாட்யூல்காரர் பெயர் பரிசீலனையிலேயே வராது. நானும் ரகுவும்தான் பட்டியலில். நாலு வருடமாகக் காத்திருக்கிறேன். எனக்கு ஆசை இல்லை என்று யாரிடமாவது சொன்னால் அது வெள்ளிக்கிழமை நாலு மணிக் கதை.

"பரவாயில்ல, மாத்துங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "ஆய்த்து மேடம்" என்று நாலாவது ஃபைலை இழுத்துக்கொண்டார்.

18 மே

அவள் மாட்யூலிலும் நிறைய பிழைகள் இருந்துவிட்டால்? நான் நம்புவது தப்பாக இருந்துவிட்டால்?

21 மே, வெள்ளி

நாலரை நாளில் முடித்துவிட்டார் கோவிந்தப்பா. என் மேஜைக்கே வந்து தாளை வைத்தார்.

"ரகுது நாப்பத்தொண்ணு. இவங்கது எரடே எரடு மேடம். அதுவும் சின்னது. திரும்பத் திரும்பப் பார்த்தேன், சும்னே விடல."

இரண்டு. ஒன்பது பிழை என்று எழுதியவனிடம் நாற்பத்தொன்று, நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதியவளிடம் இரண்டு.

கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஆறு நிமிடம். டைம் லாகில் 'டீ' என்று எழுதினேன்.

1 ஜூன், செவ்வாய்

இப்போது எதைச் சொன்னாலும் மனதுக்குள் இரண்டேகாலால் பெருக்கித்தான் சொல்கிறேன். காலையில் ஓஸ்வால்டிடம் 'ஏழரைக்கு வருவேன்' என்றேன். ஏழு இருபத்தெட்டுக்குக் கதவைத் தட்டினேன். பனியனோடு வந்து திறந்தார். அரிசி இன்னும் களையவே இல்லை.

"நீ சொன்ன நேரத்துக்கே வந்து நின்னா நான் என்ன பண்றது?" என்று என்னிடமே கோபம்! பத்து வருடத்தில் முதல்முறையாக என் நேரம் பற்றி அவர் கோபித்துக்கொண்டது இன்றைக்குத்தான். ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டோம். ரொம்ப நாள் கழித்துச் சிரித்தேன்.

4 ஜூன்

லீட் ரகு. எதிர்பார்த்ததுதான். ஸ்வீட் பாக்ஸ் நீட்டினான். மைசூர்பாகு நன்றாக இருந்தது. மென்று முழுங்கினேன்.

11 ஜூன், வெள்ளி

கமிட்டி பதினொன்றுக்கு ஆரம்பித்தது. பன்னிரண்டரைக்கு சுந்தரராமன் வெளியே வந்து என் பக்கம் கட்டை விரலைக் காட்டினார். சொன்னபடியே பேசியிருக்கிறார் மனிதர். சோதனைத் தாளை எல்லோருக்கும் நகல் எடுத்துக் கொடுத்தாராம். அனுஷா நிரந்தரம்.

அவள் வரவேற்பறை போனில் அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தாள். "ஆமாப்பா. ஆமா. இல்ல, இங்கியேதான்." முதுகுதான் எனக்குத் தெரிந்தது. போனை வைத்துவிட்டுத் திரும்பியவள் என்னைப் பார்த்து, "தேங்க்ஸ் மேடம்" என்றாள்.

மேடமா? சந்தோஷத்தில் ஏதோ வாய்க்கு வந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

14 ஜூன், திங்கள்

கூட்டத்தில் சுந்தரராமன் அனுஷாவை எழுப்பி நிற்க வைத்துப் பாராட்டினார். கைதட்டல். அவள் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள். அவர் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

"இனிமே எல்லார் தாளும் அனுஷா மாதிரி இருக்கணும். வெள்ளிக்கிழமை ஜூடித் சேகரிச்சு நேரா என்கிட்ட குடுத்துடட்டும். நானே வாராவாரம் பார்க்கறேன்."

எழுந்து நின்றேன். "சார், பேராசிரியர் சொன்னாரே, அதை யாரும் பார்க்கக் கூடாதுன்னு."

"நல்லதுக்குத்தானே பார்க்கறேன் ஜூடித்? பாருங்கோ, பார்த்ததாலதானே இந்தப் பொண்ணோட திறமை வெளிய வந்தது?"

எல்லோரும் தலையாட்டினார்கள். நின்றது நின்றபடி யோசித்தேன். உட்கார்ந்துவிட்டேன்.

18 ஜூன், வெள்ளி

அனுஷா லீவு. கிருஷ்ணகிரிக்குப் போயிருக்கிறாள். மற்ற ஐந்து பேர் தாளையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். என்னுடையதில் 19 பிழைகள். சுந்தரராமன் அதில் மட்டும் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்பியிருக்கிறார்.

25 ஜூன், வெள்ளி

நாலு மணி. வழக்கம்போல எல்லோரும் குனிந்திருந்தார்கள். எழுந்து பார்த்தேன். நான்காவது சீட்டும் குனிந்திருந்தது.

பென்சிலும் இல்லை, அச்செடுத்த தாள்களும் இல்லை. மூன்றாவது சீட்டின் தாளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள். நான் வரிசையாக வாங்கிக்கொண்டே போய் அவளிடம் நின்றேன். தாளைத் திருப்பி என் பக்கம் நீட்டினாள்.

30. 45. 60. 60. 90. 15. இடைஞ்சல் கட்டத்தில் ஒன்றும் இல்லை. டீ இல்லை, பஸ் பாஸ் இல்லை, அப்பா இல்லை. பிழைகள்: 12.

"சரியா இருக்கா மேடம்?"

அவள் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். புதிதாக வந்த ஊரில் பஸ் நம்பரைச் சரியாகக் கற்றுக்கொண்டவளைப் போல நின்றாள்.

என்ன சொல்வது? இப்படி எழுதாதே என்றா? எந்த முகத்தோடு?

"சரியா இருக்கும்மா" என்றேன். ஃபைலில் நான்காவதாக வைத்தேன்.

சீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். ஓஸ்வால்டின் கடிகாரம் மேஜையில் ஓடிக்கொண்டிருந்தது. நாலு பதினேழிலிருந்து நாலு நாற்பது வரை சும்மா உட்கார்ந்திருந்தேன். இருபத்து மூன்று நிமிடம். அந்தத் தாளில் இதை எழுத முடியாது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.